ஊரைச் சிரிக்க வைத்த மோலியர்

ஆங்கிலத்தை ஷேக்ஸ்பியரின் மொழி என்று சொல்வார்கள். பிரெஞ்சு மொழியை மோலியரின் மொழி என்று சொல்வார்கள். அந்த மொழிக்கே தம் பெயரைக் கொடுத்த மோலியர் ஒரு சிரிப்பு நடிகர்!

அவர் நாடகம் எழுதினார். தாமே நடித்தார். பிரான்சு நாட்டு ராஜா அவருடைய நடிப்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவர் இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் இடம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் கொலை செய்தவரா? கொள்ளை அடித்தவரா? இல்லை. நடிகர். அதுதான் அவர் செய்த குற்றம்.

மெத்தைக் கடை

மோலியரின் சொந்தப் பெயர் ஜான் பாப்திஸ்த் பொக்லேன். பாரிஸ் நகரத்தில் பிறந்தார். 1622-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது.

தகப்பனார் வசதியானவர். மெத்தை, திரைச்சீலை, மெத்தை தைத்த நாற்காலி ஆகியவற்றைச் செய்து விற்கும் கடை வைத்திருந்தார். பிறகு, அரண்மனைக்கு மெத்தை வேலை செய்யும் உத்தியோகத்தையும் விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்துப் பிரான்சில் உத்தியோகத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். தகப்பனுக்குப் பின் மகன் அதை அடையலாம்.

பத்து வயதில் மோலியர் தாயை இழந்தார். தகப்பனார் பையனை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். சட்டமும் படிக்கச் செய்தார். கடை இருக்கிறது, அரண்மனை உத்தியோகம் இருக்கிறது. பையன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சாப்பிடலாம்.

பையனுக்கோ நாடகப் பைத்தியம்!

1643-ம் ஆண்டு, 21-வது வயதில், அரண்மனை உத்தியோகம் வேண்டாம் என்று மோலியர் சொல்லிவிட்டார். தாய் விட்டுச்சென்ற சொத்தில் தம் பங்கில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கினார். மாதலேன் பெஜார் என்ற நடிகையுடனும் மற்றும் சிலருடனும் சேர்ந்து நாடகக் கம்பெனி தொடங்கினார்.

தகப்பனார் மனம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகன் தம் குடும்பப் பெயரை மேடைக்குக் கொண்டுபோகவில்லை. மோலியர் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்.

மெழுகுவர்த்திக் கடன்

கம்பெனிக்கு "புகழ்மிக்க நாடக சபை" என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார்கள். புகழும் வரவில்லை. பணமும் வரவில்லை.

பந்து விளையாடும் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து மேடை போட்டார்கள். அப்போது மின்சார விளக்கு ஏது? மேடையிலும் கொட்டகையிலும் நூற்றுக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மெழுகுவர்த்தி எரிந்துதான் தீரும்.

மெழுகுவர்த்தி வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 142 லிவர் ஆயிற்று. லிவர் என்பது அந்நாளைய பிரெஞ்சுப் பணம். வியாபாரி வழக்குப் போட்டார். 1645-ம் ஆண்டு ஆகஸ்டில் மோலியர் சிறையில் அடைக்கப்பட்டார்.

தெருவுக்குக் கல் பாவும் காண்டிராக்டர் ஒருவர் ஜாமீன் நின்று அவரை வெளியே கொண்டுவந்தார். அந்தக் கடனைப் பின்னால் அடைத்தவர் யார் தெரியுமா? மகன்மீது கோபமாக இருந்த அதே தகப்பனார்தான்.

வேறொருவராக இருந்தால் மெத்தைக் கடைக்கே திரும்பி இருப்பார். மோலியர் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டுப்புறத்துக்குப் புறப்பட்டார்.

ஊர் ஊராக 13 ஆண்டு

லியோன், தூலூஸ், பெசியே, ரூவான் என்று ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். சில ஊர்களில் அதிகாரிகள் அனுமதி தரமாட்டார்கள். கோன்தி என்ற பிரபு சில ஆண்டு ஆதரித்தார். பிறகு அவருக்குத் திடீரென்று பக்தி முற்றியது. நாடகம் பாவம் என்று முடிவு செய்து, தம் பெயரைக் கம்பெனி சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டார். நாடகத்தைக் கண்டித்துப் புத்தகமும் எழுதினார்.

இந்த 13 ஆண்டுகள்தான் மோலியருக்குப் பாடசாலை.

சிரிப்பு நாடகம் அவர் கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் அரிஸ்டோபனிஸ் என்ற புலவர், உயிரோடு இருக்கும் பெரிய மனிதர்களையே மேடையில் கேலி செய்தார். பிறகு ரோமாபுரியில் பிளாட்டஸ் என்பவர், கஞ்சக் கிழவன், வாய்வீச்சு வீரன், எஜமானை ஏமாற்றும் வேலைக்காரன் என்று ஆட்களைப் படைத்துச் சிரிக்க வைத்தார்.

மோலியர் காலத்தில் இத்தாலிய நாடகக்காரர்கள் பிரபலமாக இருந்தார்கள். அவர்களுடைய முறையே தனி. வசனம் எழுதி வைக்க மாட்டார்கள். கதையின் போக்கு மட்டும் முடிவாகி இருக்கும். பேச்சை மேடையில் நின்றபடியே உண்டாக்குவார்கள். பணக்காரக் கிழவனுக்கு ஒரு முகமூடி. வேலைக்காரனுக்கு ஒரு முகமூடி. முகமூடியைப் பார்த்ததும் இன்னார் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். விழுவது, எழுவது, தடியால் அடிப்பது எல்லாம் உண்டு. நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் நினைத்ததைப் பேசிச் சிரிக்க வைப்பது போலத்தான்.

பிரான்சு நாட்டிலும் கோமாளிக் கூத்து இருந்தது. ஆனால் அதற்கு மதிப்பு இல்லை. ராஜாக்களும் வீரர்களும் வந்து கண்ணீர் விட்டுச் சாகும் சோக நாடகம்தான் உயர்ந்தது; சிரிப்பு நாடகம் சில்லறைச் சரக்கு என்று படித்தவர்கள் நினைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மோலியரும் அப்படித்தான் நினைத்தார்! சோக நாடகத்தில் கதாநாயகனாக நடிக்கவே அவர் ஆசைப்பட்டார். அவர் குரல் அதற்கு ஒத்துவரவில்லை. அவர் அழுதால் ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். முகத்தைக் கோணினால் கொட்டகை அதிர்ந்தது.

ராஜா சிரித்தார்

1658-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, பாரிஸ் அரண்மனையில் 14-வது லூயி ராஜாவின் முன்னால் நடிக்க வாய்ப்புக் கிடைத்தது. ராஜாவுக்கு அப்போது வயது 20.

முதலில் ஒரு சோக நாடகம் போட்டார்கள். சபை அசையவில்லை. நாடகம் முடிந்ததும் மோலியர் முன்னால் வந்து பணிவாகக் கும்பிட்டார். நாட்டுப்புறத்தில் போட்டுவந்த ஒரு சிறு கூத்தை நடித்துக் காட்ட உத்தரவு கேட்டார். ராஜா சம்மதித்தார்.

காதல் பிடித்த ஒரு வைத்தியனைப் பற்றிய கூத்து அது. ராஜா வாய்விட்டுச் சிரித்தார். ராஜா சிரித்தால் மந்திரிகள் சும்மா இருப்பார்களா?

அன்றைய சிரிப்பு மோலியரின் தலையெழுத்தை மாற்றியது. அரண்மனையைச் சேர்ந்த கொட்டகை ஒன்றில் நடிக்க ராஜா இடம் கொடுத்தார். அங்கே ஏற்கெனவே இத்தாலியக் கம்பெனி நடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் வரும் நல்ல நாட்கள் அவர்களுக்கு. மற்ற நாட்கள் மோலியருக்கு. இத்தாலியக் கம்பெனியின் தலைவர் பியோரில்லி முகமூடி இல்லாமல், முகபாவத்தாலேயே சிரிக்க வைப்பவர். மோலியர் அவரைக் கண்கொட்டாமல் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

கண் எதிரே இருப்பவர்கள்

அடுத்த ஆண்டு, 1659 நவம்பரில், மோலியர் ஒரு புது நாடகம் போட்டார். பெரிய இடத்துச் சீமாட்டிகள்போல் நீட்டி முழக்கிப் பேசுவதுதான் நாகரிகம் என்று நினைக்கும் இரண்டு பெண்கள். பெண் கேட்டு வந்த நல்ல வாலிபர்களை அவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். வாலிபர்கள் தங்கள் வேலைக்காரர்களுக்குப் பிரபு வேஷம் போட்டு அனுப்புகிறார்கள். பெண்கள் மயங்கிப்போகிறார்கள்!

இதில் என்ன புதுமை? அந்தச் சீமாட்டிகள் பாரிஸ் நகரத்தில் உண்மையாகவே இருந்தார்கள். சிலர் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பிரபுக்கள் மேடை ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார்கள். கேலி செய்யப்படுகிறவரும் கேலி செய்கிறவரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

முகமூடிக் கிழவனைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கும் கோபம் வராது. அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தால் சும்மா விடுவாரா? மோலியர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே ஊரில் உள்ள மனிதர்களின் முகம் தெரிந்தது. அதில்தான் சிரிப்பு நாடகம் உயர்ந்தது. அதில்தான் விரோதமும் பிறந்தது.

எழுதியதை மோலியர் முதலில் தம் வீட்டுச் சமையல்காரிக்குப் படித்துக் காட்டுவாராம். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரிக்காவிட்டால் அதை மாற்றி எழுதுவாராம்.

வீட்டுக் கவலை

1662-ம் ஆண்டு மோலியர் கல்யாணம் செய்துகொண்டார். மணமகள் பெயர் ஆர்மாந்த். மோலியருக்கு 40 வயது. பெண்ணுக்குச் சுமார் 20 வயது. கம்பெனியில் தொடக்கத்திலிருந்து கூட இருந்த மாதலேனின் தங்கை என்று பத்திரத்தில் எழுதப்பட்டது. தங்கை அல்ல, மகள் என்று ஊரார் பேசினார்கள். விரோதிகள் இன்னும் கேவலமாகப் பேசினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் போட்ட நாடகத்தில், கிழவர் ஒருவர் ஒரு பெண்ணைச் சிறு வயது முதல் ஒன்றும் தெரியாமல் வளர்த்து, தாமே மணந்துகொள்ள நினைக்கிறார். அந்தப் பெண் ஒரு வாலிபனை விரும்பிவிடுகிறாள். ஏமாந்த கிழவராக நடித்தவர் மோலியர்தான். தம்மையே கேலி செய்துகொள்ளவும் அவர் தயங்கவில்லை.

போட்டிக் கம்பெனி நடிகர் ஒருவர், மோலியரின் கல்யாணமே முறைகேடானது என்று ராஜாவுக்கு மனு கொடுத்தார். ராஜா பதில் எழுதவில்லை. 1664-ல் மோலியருக்குப் பிறந்த முதல் ஆண் குழந்தைக்கு ராஜாவே ஞானத் தகப்பனார் ஆனார். குழந்தைக்கும் லூயி என்றே பெயர். அதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

அந்தக் குழந்தை ஒரு வயது நிரம்பும் முன்பே இறந்துவிட்டது.

போலி பக்தன்

1664-ம் ஆண்டு மே 12-ந் தேதி. வெர்சேல்ஸ் அரண்மனையில் பெரிய திருவிழா. அங்கே மோலியர் தார்த்தூப் என்ற நாடகத்தை நடித்துக் காட்டினார்.

ஒர்கோன் என்று ஒரு பணக்காரர். மாதா கோயிலில் உருகி உருகிப் பிரார்த்தனை செய்யும் தார்த்தூப் என்பவனைப் பார்க்கிறார். மகான் என்று நம்பி வீட்டுக்கு அழைத்து வருகிறார். மகளைக் கொடுக்க நினைக்கிறார். சொத்தையும் எழுதி வைக்கிறார். பெற்ற மகனையே வீட்டைவிட்டு விரட்டுகிறார். அந்த மகானோ அவர் மனைவியிடமே கை நீட்டுகிறான்!

மனைவி கெட்டிக்காரி. புருஷனை மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கச் சொல்லி, தார்த்தூப்பைப் பேச வைக்கிறாள். மேஜைக்கு அடியில் இருக்கும் ஒர்கோன் எப்போது வெளியே வருவார் என்று ஜனங்கள் துடிப்பார்கள். அவரோ வர மாட்டார்! மோலியர் நடித்தது அந்த ஏமாளிக் குடும்பத் தலைவர் வேஷம்.

ராஜாவுக்கு நாடகம் பிடித்தது. ஆனாலும் பொதுமக்கள் முன்னால் நடிக்கக் கூடாது என்று தடை போட்டார். மதத் தலைவர்கள் அவ்வளவு கோபமாக இருந்தார்கள். பக்திமான்கள் என்று சொல்லிக்கொண்ட பெரிய மனிதர்களின் ரகசியச் சங்கம் ஒன்று, நாடகத்தை ஒழிக்க முதலிலிருந்தே வேலை செய்தது. ஒரு பாதிரியார், மோலியரை உயிரோடு எரிக்க வேண்டும் என்று அச்சுப் போட்டே வெளியிட்டார். அந்தக் காலத்தில் அது வெறும் பேச்சு அல்ல. மத விரோதமாக எழுதினால் உண்மையாகவே எரித்தார்கள்.

மோலியர் விடவில்லை. தாம் கேலி செய்வது பக்தியை அல்ல, பக்தி வேஷத்தைத்தான் என்று மனுவுக்கு மேல் மனு எழுதினார். பிரபுக்களின் வீடுகளில் நாடகத்தைப் படித்துக் காட்டினார்.

1667 ஆகஸ்டில் நாடகத்தின் பெயரை மாற்றி, வில்லனின் பெயரையும் உடையையும் மாற்றி, பாரிசில் நடித்தார்கள். கூட்டம் நெரிந்தது. மறுநாளே பாரிஸ் நகரத்து உயர் நீதிபதி தடை போட்டார். ராஜா அப்போது ஊரில் இல்லை. போர்க்களத்தில் இருந்தார். மோலியரின் மனுவை எடுத்துக்கொண்டு இரண்டு நடிகர்கள் பாரிசிலிருந்து போர்க்களத்துக்கே ஓடினார்கள். அதற்குள் ஆர்ச் பிஷப், அந்த நாடகத்தைப் பார்த்தாலோ படித்தாலோ, படிக்கக் கேட்டாலோ மதத்தைவிட்டு விலக்கிவிடுவதாக உத்தரவு போட்டார்.

1669-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி கடைசியாக அனுமதி கிடைத்தது. ஐந்து ஆண்டுப் போராட்டம்! அன்று ஒரு நாள் வசூல் மட்டும் 2,860 லிவர். 142 லிவருக்குச் சிறைக்குப் போனவர் அவர்.

தகப்பனாருக்குக் கொடுத்த கடன்

அதே பிப்ரவரி மாதத்தில் மோலியரின் தகப்பனார் இறந்தார்.

தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் பண நெருக்கடி. வீட்டை எடுத்துக் கட்ட வேண்டி இருந்தது. நண்பர் ரோகோ என்ற பேராசிரியர் அவருக்கு இரண்டு தவணையாக 10,000 லிவர் கடன் கொடுத்தார். அது ரோகோவின் பணம் அல்ல. மோலியரின் பணம். தம் பெயர் தெரியாமல் நண்பர் மூலம் கொடுத்திருந்தார்.

மெத்தைக் கடை வேண்டாம் என்று போன மகன், தம்பி இறந்த பிறகு 1660-ல் அரண்மனை மெத்தை உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தார். நாட்டையே சிரிக்க வைத்தவர், வருஷத்தில் மூன்று மாதம் ராஜாவின் படுக்கையை விரிக்க வேண்டும்.

இருமலும் சிரிப்பும்

வேலை கொஞ்சநஞ்சம் அல்ல. எழுத வேண்டும், நடிக்க வேண்டும், மற்றவர்களைப் பழக்க வேண்டும், கம்பெனிக்குச் சம்பளம் தேட வேண்டும். கஞ்சன் கதை, பணம் வந்ததும் பிரபு ஆக ஆசைப்படும் துணி வியாபாரி மகன் கதை, எஜமானர்களை ஏமாற்றும் ஸ்காபென் கதை என்று ஆண்டுதோறும் நாடகங்கள் வந்தன. பாட்டும் நடனமும் கதையோடு சேர்ந்த புதுவகை நாடகமும் அவர் உண்டாக்கினார். தமிழ் நாடகத்தில் பெயர் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார்கூட மோலியரைத் தழுவித் தமிழில் எழுதியிருக்கிறார்.

1666-ம் ஆண்டு வாக்கில் மோலியருக்கு நெஞ்சு நோய் வந்தது. ஓயாத இருமல். கஞ்சன் வேஷத்தில் நடிக்கும்போது இருமல் வந்தால் என்ன செய்வது? கஞ்சனுக்கே இருமல் இருப்பதாக எழுதிவிட்டார்! ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அந்நாளைய வைத்தியர்களுக்கு எந்த நோய்க்கும் இரண்டே வழி. ரத்தத்தை எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது. நோயாளிக்குப் புரியாத லத்தீன் மொழியில் பேசுவார்கள். மோலியர் அவர்களை நாடகத்துக்கு நாடகம் வாங்கு வாங்கு என்று வாங்கினார்.

அவருடைய கடைசி நாடகமும் அதுதான். நோயே இல்லாமல் நோயாளி என்று நினைத்துக்கொண்டு மருந்து குடிக்கும் ஒரு பணக்காரர் கதை. 1673-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அரங்கேறியது. நோய் இல்லாத நோயாளியாக, சாகக் கிடக்கும் மோலியர் நடித்தார்.

கடைசி வேஷம்

பிப்ரவரி 17-ந் தேதி நாலாவது ஆட்டம். அன்று அவருக்கு உடம்பு மிகவும் மோசமாக இருந்தது. மனைவியும், அவர் பிள்ளைபோல் வளர்த்த நடிகர் பாரோனும் நடிக்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அன்றாடக் கூலியை நம்பி இருக்கும் ஐம்பது பேர் என்ன செய்வார்கள் என்று மோலியர் கேட்டாராம்.

கடைசிக் காட்சியில், நோயாளிக்கே வைத்தியர் பட்டம் கொடுக்கும் வேடிக்கைச் சடங்கு. சத்தியம் செய்யும் இடத்தில் மோலியருக்கு வலிப்பு கண்டது. அதை ஒரு சிரிப்பால் மறைத்துக்கொண்டார். நாடகம் நிற்கவில்லை.

வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். இருமலோடு ரத்தம் கொட்டியது. பாதிரியாரை அழைத்துவர ஆள் ஓடியது. இரண்டு பாதிரியார்கள் வர மறுத்தார்கள். மூன்றாமவர் புறப்பட்டு வந்தார். அதற்குள் உயிர் போய்விட்டது. இரவு மணி பத்து. வயது 51.

நடிகன் சாகும் முன், நடிப்புத் தொழிலை விட்டுவிட்டேன் என்று பாதிரியார் முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. அது பாரிசில் அன்றிருந்த சட்டம். ஓராண்டுக்கு முன் அதே பிப்ரவரி 17-ந் தேதி இறந்த மாதலேன் எழுதிக் கொடுத்திருந்தாள். மோலியருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மனைவி ஆர்மாந்த் ராஜாவிடம் ஓடி முறையிட்டாள். ராஜா ஆர்ச் பிஷப்புக்குச் சொல்லி அனுப்பினார். ஆர்ச் பிஷப் இறங்கி வந்தார். ஆனால் நிபந்தனைகள் போட்டார். பகலில் புதைக்கக் கூடாது. இரண்டு பாதிரியார்களுக்கு மேல் போகக் கூடாது. மாதா கோயிலில் பூசை நடத்தக் கூடாது.

இறந்த நாலாம் நாள், 21-ந் தேதி இரவு 9 மணிக்குத் தீப்பந்த வெளிச்சத்தில் பிரேதம் புறப்பட்டது. மனைவி பயப்படும்படி வீட்டு வாசலில் பெருங்கூட்டம் கூடி இருந்தது. சவப்பெட்டிமேல் ஒரு துணி போர்த்தி இருந்தார்கள். அது மெத்தைத் தொழிலாளர் சங்கத்துத் துணி. கோயில் பதிவேட்டில் அவர் நடிகர் என்று எழுதவில்லை. நாடக ஆசிரியர் என்றும் எழுதவில்லை. ராஜாவின் மெத்தைக்காரர் என்று எழுதினார்கள்.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 24-ந் தேதி, கொட்டகையில் மறுபடி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மோலியர் எழுதிய நாடகம் ஒன்றை நடித்தார்கள். அவருடைய வேஷத்தில் பாரோன் நடித்தார்.

1680-ம் ஆண்டு ராஜாவின் உத்தரவால் பாரிஸ் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டுத் தேசிய நாடக சபை ஆயிற்று. மோலியர் வீடு என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. அது இன்றும் நடக்கிறது. கடைசி நாளில் நோயாளி வேஷத்தில் மோலியர் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியை அங்கே கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள்.